கண் சரி, காது சரி, தோல் சரி: அப்பாவின் இடப்பக்கம் மட்டும் எங்கே போனது?

தையற்கடை எழுதியது:

அப்பாவுக்கு மாசி மாதம் பாரிசவாதம் வந்தது. மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைபட்டிருப்பதாக ஸ்கான் எடுத்துச் சொன்னார்கள். கால் ஓரளவு திரும்பிவிட்டது. கதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இடது கை இன்னும் சோர்ந்துதான் கிடக்கிறது. பேச்சில் குறையில்லை. என்னைத் திட்டுவதிலும் குறையில்லை.

எங்கள் வீடு களுவாஞ்சிகுடியில். அப்பா வாவியில் வலை வீசிப் பிழைத்தவர். இருட்டில் தண்ணீர் சலசலப்பதைக் கேட்டே எந்தப் பக்கம் மீன் புரள்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் இப்போது செய்வதைக் கேளுங்கள்.

சோற்றையும் மீன் குழம்பையும் பீங்கானின் வலப்பாதியில் மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "கீரை வைக்க உனக்கு மனமில்லையா?" என்கிறார். கீரை இடப்பக்கத்தில் அப்படியே இருக்கிறது. பீங்கானைத் திருப்பி வைத்தால், "இப்போதாவது போட்டாயே" என்று அதையும் சாப்பிடுகிறார். முகத்தில் வலப்பாதி மட்டும் சவரம். சேட்டில் இடது கையை நுழைக்காமலே பொத்தானைப் பூட்டுகிறார்.

இடப்பக்கம் பார்வை மங்கியிருக்கும் என்று நினைத்துக் கண் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றேன். எழுத்துப் பலகையை வாசிக்க வைத்துவிட்டு, கண்ணில் பெரிய குறையில்லை என்றார்கள். காதையும் பார்த்தார்கள். அதுவும் சரி. கண்ணை மூடச் சொல்லி இடது கையைத் தொட்டால், "இடது கை" என்று சரியாகச் சொல்கிறார். ஆனால் கட்டிலின் இடப்பக்கத்தில் ரேடியோ பாடும்போது, கூடவே முணுமுணுத்துக்கொண்டு, "சத்தத்தைக் குறை" என்று வலப்பக்கத்து மேசையைத் தடவுகிறார்.

வார்டில் ஒரு டாக்டர் நடந்துகொண்டே, "மூளையின் இணைப்புப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எதை எதோடு இணைக்கும் பகுதி? பார்வை, கேள்வி, தொடுகை மூன்றும் தனித்தனியே வேலை செய்யும்போது ஒரு பக்கம் மட்டும் எப்படிக் காணாமல் போகும்? தெரிந்தவர்கள் தமிழில் விளக்குங்கள். எண்ணெய் விற்பவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.

ஊர்க்குருவி எழுதியது:

கண் கிளினிக்கில் எழுத்துப் பலகையை மட்டும் வாசிக்க வைத்திருந்தால் அது போதாது. பாரிசவாதத்தில் இரண்டு கண்களிலும் இடப்பாதிப் பார்வை போகலாம். நேரே இருக்கும் எழுத்தை அப்படிப்பட்டவர்களும் வாசித்துவிடுவார்கள். பார்வைப்புலப் பரிசோதனை என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

அக்கரைப்பற்றுக் கிழவன் எழுதியது:

மகள், ஊர்க்குருவி சொன்ன பரிசோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். இரண்டு குறையும் ஒன்றாக வருவதுண்டு. ஆனால் நீங்கள் ரேடியோவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்வைப்புலக் குறை விளக்காது. பாதிப் பார்வை போனவருக்குப் பெரும்பாலும் அது தெரியவரும்; கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சமாளித்துக்கொள்வார். உங்கள் அப்பா திரும்புவதே இல்லை. திரும்ப வேண்டிய ஒரு பக்கம் இருக்கிறது என்ற செய்தியே அவருக்கு எட்டவில்லை. இதை ஒருபக்கப் புறக்கணிப்பு என்பார்கள். இதில் அவருடைய பிடிவாதத்துக்குப் பங்கில்லை. மற்ற விஷயங்களில் இருக்கலாம்.

நான் இயன்மருத்துவப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். கையைத் தூக்கு, காலை நீட்டு என்று சொல்லிக்கொடுக்கிற வேலை. கை கால் நன்றாக இருந்தும் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டே போகிற நோயாளிகளைப் பார்த்த பிறகுதான் மூளையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணிலிருந்து வருவது மூளையின் பின்புறத்துக்குப் போகிறது. காதிலிருந்து வருவது பொட்டுக்கு உட்புறமாக உள்ள மடிப்புக்கு. தோலிலிருந்து வருவது உச்சியின் குறுக்கே ஓடும் ஒரு பட்டைக்கு. இவை முதனிலைப் பகுதிகள். ஒன்றின் சேதி மற்றதற்கு அங்கே அவ்வளவாக எட்டுவதில்லை. உங்கள் அப்பாவுக்கு இவை பெரும்பாலும் தப்பியிருக்கின்றன. அதனால்தான் தனித்தனியே சோதித்தால் எல்லாம் சரி என்று வருகிறது.

மனித மூளையின் மேற்பட்டையில் இந்த முதனிலைப் பகுதிகள் சிறுபங்குதான். மிச்சமுள்ள பெரும்பரப்பை இணைப்பு மேற்பட்டை என்கிறார்கள். லைப்சிக் நகரில் இருந்த பவுல் ஃபிளெக்சிக் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் குழந்தைகளின் மூளைகளை ஆராய்ந்தபோது, நரம்புகளின் மேல் படியும் கொழுப்புறை முதனிலைப் பகுதிகளில் முந்தியும் இந்தப் பரப்பில் பிந்தியும் உருவாவதைக் கண்டார். அதற்கு இந்தப் பெயர் நிலைத்தது அந்தக் காலத்திலிருந்துதான். 1960களில் மயக்கமருந்து கொடுத்த பூனைகளின் மூளையில் மின்முனை வைத்துப் பார்த்தவர்கள், இணைப்புப் பகுதியில் ஒரே இடம் வெளிச்சத்துக்கும் ஒலிக்கும் தோலில் கொடுத்த மின்னதிர்வுக்கும் துடிப்பதைப் பதிவு செய்தார்கள். மூன்று வாய்க்காலும் வந்து விழுகிற மதகடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயற்காரர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

குரங்குகளில் பார்த்தது இதைவிடச் சுவையானது. உச்சிக்குப் பின்னால் உள்ள மடிப்பு ஒன்றில் சில நரம்புக்கலங்கள் இருக்கின்றன. வலது கன்னத்தைத் தொட்டால் துடிக்கிற கலம், அந்தக் கன்னத்தை நோக்கி ஒரு பொருள் வருவதைக் கண் பார்த்தாலும் துடிக்கிறது. செய்தி கண் வழியாக வந்ததா, தோல் வழியாக வந்ததா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. என் உடம்புக்கு எந்தப் பக்கத்தில், எவ்வளவு கிட்டத்தில் என்பதுதான் அதன் கணக்கு. உங்கள் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது, மகள். அப்பா இழந்தது ஒரு புலனை அல்ல, ஓர் இடத்தை. அந்த இடத்திலிருந்து எந்தப் புலன் வழியாகச் சேதி வந்தாலும் அது பின்தள்ளப்படுகிறது.

இடப்பக்கம் மட்டும் ஏன் என்றும் கேட்பீர்கள். வலது மூளை இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது. இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும் கவனிக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இடது மூளை அடிபட்டால் வலது மூளை ஓரளவு தாங்கிக்கொள்ளும். வலது மூளை அடிபட்டால் இடப்பக்கத்துக்கு ஆளில்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடச் சொல்லி இடது கையைத் தொடுங்கள், பிறகு வலது கையை, பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில். தனித்தனியே தொட்டால் சரியாகச் சொல்வார். சேர்த்துத் தொட்டால் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். அடுத்ததாக, கண்ணைத் திறக்கச் சொல்லிவிட்டு அவருடைய வலது கைக்கு மிகக் கிட்டே உங்கள் விரலை அசைத்துக்கொண்டு, அதே நேரம் இடது கையைத் தொடுங்கள். வலது கையில் விரல் படவே கூடாது. 1997இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்துகாட்டினார்கள்: வலது கைக்கு அருகே கண்ணால் கண்ட அசைவு, இடது கையின் தொடுகையை அழித்துவிட்டது. அதே அசைவைக் கையிலிருந்து எட்டக் கொண்டுபோனால் அழிக்கும் பலம் குறைந்தது. கண் கண்டது தோல் உணர்ந்ததைத் தோற்கடிக்க வேண்டுமென்றால் இரண்டும் ஒரே களத்தில் நின்று போட்டியிட வேண்டும். அந்தக் களம்தான் டாக்டர் நடந்துகொண்டே சொன்ன பகுதி.

பின்தள்ளப்படுவது முற்றாக அழிந்துபோவதும் இல்லை. 1988இல் இங்கிலாந்தில் ஒரு பெண்ணுக்கு இரண்டு வீடுகளின் படத்தைக் காட்டினார்கள். ஒன்றில் இடப்பக்கம் தீப்பற்றி எரிகிறது. இரண்டும் ஒன்றுதான் என்றார். எந்த வீட்டில் குடியிருக்க விருப்பம் என்று கேட்டபோது, இதென்ன பைத்தியக்காரக் கேள்வி என்று சொல்லிக்கொண்டே திரும்பத் திரும்ப எரியாத வீட்டைத்தான் காட்டினார். அப்பா பாட்டோடு முணுமுணுத்துவிட்டு ரேடியோவை வேறு பக்கத்தில் தேடுவதும் இந்த இனம்தான். சேதி உள்ளே போகிறது, அதற்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

கடைசியாக ஒன்று. எனக்குப் பிடித்தது. 1978இல் மிலானில் பிசியாக், லுசாட்டி என்ற இருவர், இப்படிப்பட்ட நோயாளிகளிடம் அந்நகரின் பேராலயச் சதுக்கத்தைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பேராலயத்தைப் பார்த்தபடி நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களைச் சொன்னார்கள், இடப்பக்கம் இல்லை. பேராலயத்தின் வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பதாக நினைத்தபோது, முன்பு விட்ட கட்டடங்களெல்லாம் வந்தன. முன்பு சொன்னவை காணாமல் போயின. கண்ணுக்கு இதில் வேலையே இல்லை.

நமக்குச் சதுக்கம் வேண்டாம், கல்முனை வீதி இருக்கிறது. காத்தான்குடியிலிருந்து தெற்கே போனால் இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வாவி. திரும்பி வந்தால் மாறும். அப்பாவிடம் பஸ்ஸில் போவதாக நினைத்துச் சொல்லச் சொல்லுங்கள். போகும்போதும் கேளுங்கள், வரும்போதும் கேளுங்கள்.

தையற்கடை எழுதியது:

ஐயா, எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். இரண்டு கையையும் சேர்த்துத் தொட்டால் "வலது" என்கிறார், கொஞ்சமும் தயங்காமல். வலது கைக்குக் கிட்டே விரலை ஆட்டினால் இடது கையில் நான் கிள்ளினால்கூடச் சில தடவை தெரியவில்லை. விரலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டால் அனேகமாகத் தெரிகிறது. தம்பியின் மகன் இதைப் பார்த்துவிட்டு அப்பப்பாவோடு விளையாட்டாக நாள் முழுவதும் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வீதிக் கதையைப் பிறகு ஆறுதலாகக் கேட்டேன். "அப்பா, காத்தான்குடியில் பஸ் ஏறுகிறீர்கள், கல்முனைக்குப் போகிறீர்கள், என்னென்ன வருகிறது?" ஆரையம்பதி, மண்முனைப் பாலத்துக்குத் திரும்பும் இடம், குருக்கள்மடத்தில் அம்பிளாந்துறைக்குப் படகேறும் துறை, பட்டிருப்புப் பாலம், மண்டூருக்குப் போகும் குருமண்வெளித் துறை, துறைநீலாவணைக்குத் திரும்பும் வீதி என்று அடுக்கிக்கொண்டே போனார். எந்தத் துறையில் எப்போது இறால் படும் என்பது வரை. கடற்கரைப் பக்கத்தில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. வாவிக்காரர், கடலோடு இவருக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு, "சரி, கல்முனையில் பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறீர்கள்" என்றேன். கரைவலைத் தோணிகள் வந்தன. வாடிகள் வந்தன. சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகள், தென்னந்தோப்பு, கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகள் எல்லாம் வந்தன. வாவி வரவில்லை. "துறை ஒன்றும் இல்லையா அப்பா?" என்று கேட்டதற்கு, "இந்தப் பக்கத்தில் ஏது துறை?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் எழுதியதை இரண்டாம் முறை வாசித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. இனி என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்லுங்கள்.

மருதமுனைத் தறி எழுதியது:

தங்கச்சி, எங்கள் வாப்பாவுக்கும் இதே நிலைதான் இருந்தது. அவர் தறியில் சாறம் நெய்தவர். பாரிசவாதத்துக்குப் பிறகு நெய்யப் போகவில்லை; ஆனால் நாங்கள் நெய்த துணியை விரித்துப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பார். வலது கரையில் ஓர் இழை தப்பினாலும் பிடித்துவிடுவார். இடது கரையில் நூல் அறுந்து தொங்கினாலும் நன்றாக இருக்கிறது என்பார். சில மாதங்களில் நிறையத் திரும்பி வந்துவிட்டது. அசதியாக இருக்கும் நாட்களில் மட்டும் மீண்டும் தலைகாட்டும்.

ஒரு விஷயத்தில் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. இடப்பக்கத்திலேயே நின்று பேசினால்தான் அந்தப் பக்கம் பழகும் என்றார் மாமா. அப்படிப் பேசினால் வாப்பா சுவரோடு பேசுகிற மாதிரி வலப்பக்கம் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு, பிறகு கோபப்படுவார். கிழவன் காக்கா, எது சரி? இன்னொன்று, கைத்தடி கொடுத்தால் நல்லதா கெட்டதா? எங்களுக்கு ஒருவர் ஒன்று சொன்னார், இன்னொருவர் வேறு சொன்னார்.

அக்கரைப்பற்றுக் கிழவன் எழுதியது:

மாமா பாதி சரி. இடப்பக்கம் போய் நின்று காத்திருந்தால் நோயாளிக்குத் தனிமைதான் மிஞ்சும். நேர் முன்னால் நின்று தொடங்குங்கள், அவருடைய கண் உங்கள் முகத்தில் பட்ட பிறகு பேசிக்கொண்டே மெதுவாக இடப்பக்கம் நகருங்கள். கண் கூடவே வரும். விட்டுப்போனால் மறுபடி நடுவுக்கு வந்து கூட்டிக்கொண்டு போங்கள். பயிற்சி வேறு, தேவை வேறு என்பதையும் மறக்காதீர்கள். தண்ணீர்ப் போத்தல், கூப்பிடும் மணி, மருந்து எல்லாம் வலப்பக்கத்தில் இருக்கட்டும். தாகத்தை வைத்துப் பாடம் நடத்தக் கூடாது.

மேசையின் இடது விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டுங்கள். சாப்பிடத் தொடங்கும் முன் "சிவப்பைத் தேடுங்கள்" என்று சொல்லுங்கள். பத்திரிகை வாசிப்பாரானால் பக்கத்தின் இடது ஓரத்திலும் அப்படி ஒரு கோடு. ஒவ்வொரு வரியையும் அங்கிருந்து தொடங்க வேண்டும். இதைப் பழக்கமாக்குவதுதான் நோக்கம். இடப்பக்கம் தானாகக் கூப்பிடாத மூளைக்கு, வேண்டுமென்றே போய்ப் பார்க்கும் வழக்கத்தைக் கற்பிக்கிறோம். இடது கையில் சிறிதாவது அசைவு இருந்தால், அந்தக் கையை உடம்பின் இடப்பக்கத்திலேயே வைத்து விரலை அசைக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் கை அசைவதே அந்தப் பக்கக் கவனத்தைக் கொஞ்சம் தூக்கிவிடும்.

காட்சியை வலப்பக்கம் தள்ளிக் காட்டும் பட்டகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு புள்ளியைத் தொட்டுப் பழகும் முறையும் இருக்கிறது. 1998இல் பிரான்சில் செய்தபோது, கண்ணாடியைக் கழற்றிய பிறகும் இரண்டு மணி நேரமாவது முன்னேற்றம் தெரிந்தது. பின்னர் வந்த ஆராய்ச்சிகளில் பலன் கிடைத்ததும் உண்டு, கிடைக்காததும் உண்டு. புனர்வாழ்வுப் பிரிவில் கேட்டுப் பாருங்கள், ஆனால் காசைக் கொட்டிக் கொழும்புக்கு ஓட வேண்டாம்.

கைத்தடிக்கு வருகிறேன். தடி நடையைத் தாங்குமா என்று நேரில் பார்க்கிற இயன்மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கப்பால் தடியில் ஒரு விந்தை இருக்கிறது. ஜப்பானில் 1996இல் குரங்குகளுக்குச் சிறு கம்பால் தீனியை இழுத்தெடுக்கப் பழக்கினார்கள். நான் முன்பு சொன்னேனே, கண்ணுக்கும் தோலுக்கும் பொதுவான கலங்கள், அப்படிப்பட்ட சில கலங்கள் கைக்கு அருகே உள்ளதை மட்டும் கவனித்தவை, கம்பைப் பிடித்துப் பழகிய பிறகு கம்பின் நுனிவரைக்கும் கவனிக்கத் தொடங்கின. பிறகு 2000இல் இத்தாலியில் ஒரு நோயாளி. கைக்கெட்டும் தூரத்தில் இடப்பக்கம் தெரியாது, எட்டத்தில் தெரியும். எட்டத்தில் இருந்த கோட்டின் நடுவை ஒளிக்கதிரால் காட்டச் சொன்னபோது சரியாகக் காட்டினார். அதே கோட்டை நீளக் கம்பால் காட்டச் சொன்னதும் வலப்பக்கம் சரிந்துவிட்டார். கம்பு எட்டத்தைக் கிட்டமாக்கியது, கிட்டத்தில் இருந்த குறையும் கம்போடு நீண்டது. ஆகவே "தடி இருக்கிறது, இனிப் பயமில்லை" என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தோணி தாங்கும் கம்பைப் பிடித்தே வளர்ந்த மனிதருக்கு இது எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசைதான், ஆனால் அதற்காக அவரைத் தோணியில் ஏற்றிவிடாதீர்கள்.

ஏற்றக் கூடாத இடங்கள் இன்னும் உண்டு. அடுப்படி, கிணற்றுக்கட்டு, சைக்கிள். எல்லாவற்றிலும் முக்கியமானது கல்முனை வீதி. நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகப் போகின்றன. வீதியில் இறங்கும்போது முதலில் வருவது வலப்பக்கத்திலிருந்து. அதை அவர் கவனமாகப் பார்ப்பார், நின்று விட்டுக்கொடுப்பார், நீங்களும் நம்பிவிடுவீர்கள். நடு வீதியைத் தாண்டிய பிறகு வருவது இடப்பக்கத்திலிருந்து. பஸ்ஸின் ஹோன் கேட்டாலும் அவர் வலப்பக்கம்தான் திரும்புவார். தனியே கடக்க விடாதீர்கள். கூடப் போகிறவர் அவருடைய இடப்பக்கத்தில் நடக்க வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு முதல் சில மாதங்களில்தான் அதிகம் திரும்பி வருகிறது. மாசியில் வந்ததென்றால் இந்தக் காலத்தை வீணாக்காதீர்கள். கிளினிக் நாளில் நீங்கள் எழுதிய இந்த விவரங்களை, வீதிக் கதை உட்பட, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நடந்துகொண்டே பேசுகிற டாக்டரும் அதைப் பார்த்தால் நிற்பார்.

தையற்கடை எழுதியது:

தாளில் எழுதிவிட்டேன் ஐயா, அடுத்த செவ்வாய் கிளினிக். பார்வைப்புலப் பரிசோதனைக்கும் நாள் கேட்டிருக்கிறேன். நாடாவுக்குப் பதிலாகக் கடையில் மிஞ்சிய சிவப்புச் சட்டின் துணியை மேசையின் இடது விளிம்பில் தைத்துவிட்டேன். முதல் நாள் அது அவருக்குத் தெரியவே இல்லை. நான் அவருடைய வலது கையைப் பிடித்துக் கொண்டுபோய்த் தொடவைத்த பிறகு கண் அங்கே வந்தது. "யாருடைய சாறிக் கரையை வெட்டி இதில் தைத்தாய்?" என்று ஒரே சத்தம். இன்று மத்தியானம் கீரையை நான் சொல்லாமலே கண்டுபிடித்தார். சொதியை விட்டுவிட்டார்.

மருதமுனை நானா, உங்கள் வாப்பாவுக்கு இடது கை எத்தனை மாதத்தில் அசையத் தொடங்கியது? அப்பா வலை பின்னக் கேட்டு நச்சரிக்கிறார். ஒரு கையால் அது முடியுமா, அல்லது இடது கைக்குக் கண்ணியை மட்டும் பிடிக்கக் கொடுக்கலாமா என்று யாராவது சொன்னால் நல்லது.